விருந்தும் வெறுமையும்: கரம்பொனை முன்வைத்து உல்லாசப் பயணத்துறை பற்றிய ஒரு மதிப்பீடு

இலங்கைத் தமிழ் வழக்கில் ஓர் ஊருக்குப் புறத்தேயிருந்து வருபவரைக் குறிக்கும் சொற்கள் பல உள. கோயிலை நாடி வருபவர் யாத்திரிகர். உறவை நாடி வருபவர் விருந்தினர். வாங்கவும் விற்கவும் வருபவர் வியாபாரி. இச்சொற்கள் ஒவ்வொன்றும் வருபவரின் நோக்கத்தைக் கூறுவதோடு, அவரை எதிர்கொள்ளும் ஊராரின் நிலையையும் குறிப்பாக உணர்த்துகின்றன. யாத்திரிகர் என்றதும் மடமும் அன்னதானமும் நினைவுக்கு வருகின்றன. விருந்தினர் என்றதும் திண்ணையும் செம்புத் தண்ணீரும். வியாபாரி என்றதும் பேரம். 'உல்லாசப் பிரயாணி' என்னும் சொல் இவற்றினின்றும் வேறுபட்டது. வருபவரின் மனநிலை ஒன்றையே அது கூறுகின்றது. அவர் எவரிடம் வருகின்றார், அவரை எதிர்கொள்பவருக்கு எத்தகைய உரிமையும் கடமையும் உண்டு என்பன பற்றி அச்சொல் எதுவும் உரைப்பதில்லை. இன்று பெருவழக்குப் பெற்றுள்ள 'சுற்றுலா' என்னும் சொல்லும் இவ்வகையில் மேம்பட்டதன்று.

இலங்கையில் இத்துறை 1966ஆம் ஆண்டு சட்டத்தினால் அமைக்கப்பட்ட உல்லாசப் பயணச் சபையின் தோற்றத்தோடு திட்டமிட்ட வளர்ச்சி பெற்றது. அதன் முதற்பயன்களும் முதற்பாதிப்புகளும் தென்மேற்குக் கடற்கரைக்கு உரியனவாயின. வடபுலத் தீவுகள் அவ்வளர்ச்சிக்குப் புறத்தே நின்றன. பின்னர் போர் அவற்றை மூடிவிட்டது. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்று, கண்டி வீதி பொதுமக்களின் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதும் நிலை மாறிற்று. தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்தனர். 2019இல் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கிற்று. இன்று நயினாதீவும் நெடுந்தீவும் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் பயணக் கையேடுகளில் தவறாது இடம்பெறுகின்றன. இவ்விடங்களுக்குச் செல்லும் வழிகளின் அருகே, ஊர்காவற்றுறைப் பட்டினத்தை அடுத்துக் கரம்பொன் என்னும் சிற்றூர் உள்ளது. கையேடுகள் அவ்வூரை நிறுத்திப் பார்க்கும் இடமாகக் கூறுவதில்லை. எனினும், சிறிய, ஒதுங்கிய சமூகங்கள்மீது உல்லாசப் பயணத்துறை விளைவிக்கும் பாதிப்பு யாது என்னும் வினாவுக்கு, புகழ்பெற்ற இடங்களைவிடக் கரம்பொனே தெளிவான விடையைத் தரக்கூடியது.

விருந்தோம்புவார் என்னும் முற்கோள்

உல்லாசப் பயணம் பற்றிய சமூகவியற் சிந்தனை 1970களிலேயே முறையான ஆய்வாக உருப்பெற்றது. 1976இல் வெளிவந்த தமது நூலில் டீன் மக்கானெல், பயணி உண்மையான வாழ்வை நாடியே புறப்படுகின்றார் என்றும், அவர் நாட்டமே அவ்வாழ்வை மேடைக் காட்சியாக மாற்றிவிடுகின்றது என்றும் வாதிட்டார். 1977இல் வலென் சிமித் பதிப்பித்த தொகுதி, விருந்தளிப்போர், விருந்தினர் என்ற இரு தரப்பாரின் உறவாக இத்துறையை அணுகிற்று. இவற்றுக்குச் சற்று முன்னர், 1975இல், டொக்சி என்பார் வரவேற்கும் ஊராரின் மனநிலை நான்கு படிகளில் மாறுவதாக விளக்கினார்: முதலில் மகிழ்ச்சி, பின்னர் அக்கறையின்மை, அதன்பின் எரிச்சல், ஈற்றிற் பகைமை.

இக்கோட்பாடுகளின் வலிமையை மறுத்தற்கில்லை. இலங்கையின் ஹிக்கடுவை இதற்குத் தக்க சான்றாகும். அங்கு முருகைக்கற் பாறைகளைக் காட்டுவதற்கெனக் கண்ணாடி அடித்தளப் படகுகள் ஓடின; காண வந்தோரின் காலடியும் படகுகளின் உராய்வும் காணப்பட்ட பொருளையே சிதைத்தன. 1979இல் அக்கடற்பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. 2002இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. எனினும் கூட்டமும் படகும் குறையவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் பொறாக்கே தீவு, கழிவுநீர் கடலிற் கலந்தமை காரணமாக 2018இல் ஆறு மாதங்கள் பயணிகளுக்கு முற்றாக மூடப்பட்டது. கண்ணால் நுகரப்படும் பொருளும் தேயக்கூடியது என்பதை இவ்விடங்கள் உணர்த்துகின்றன.

ஆயினும் இக்கோட்பாடுகள் அனைத்துக்கும் அடியில் ஒரு முற்கோள் உண்டு. பயணி வருமுன் அங்கே ஒரு சமூகம் முழுமையாக வாழ்ந்துகொண்டிருக்கின்றது. அவர் வருகையே அதனைக் குலைக்கின்றது என்பதே அம்முற்கோள். விருந்தளிப்போர் இருக்கின்றனரா என்ற வினாவை இவ்வாசிரியர்கள் எழுப்புவதில்லை. அது அவர்களுக்கு எழவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கரம்பொனைப் பொறுத்தவரை முதலில் எழுப்பப்பட வேண்டிய வினா அதுவேயாகும்.

ஒதுக்கம் என்பது புவியியலன்று

தீவுகளைக் குறிக்கும்போது 'ஒதுங்கிய', 'தொலைவிலுள்ள' என்னும் அடைமொழிகள் இயல்பாக வந்து சேர்கின்றன. ஊர்காவற்றுறைப் பகுதியின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வடைமொழிகள் பொருந்தாமை புலனாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்து வெளியிட்ட அச்சாசனம், ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகள் பாதுகாக்கப்பட வேண்டும் எனக் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியது. வாணிபச் சரக்கு ஏற்றிய கலமாயின் இரு தரப்புக்கும் சரிபாதி. அயலாரின் வருகை, பாதுகாப்பு, பங்கு என்பன எழுத்தில் வரையறுக்கப்பட்ட துறைமுகத்தை ஒதுங்கிய இடம் எனல் எவ்வாறு? போர்த்துக்கேயர் அதனை யானைகளின் இறங்குதுறை என்றே அழைத்தனர். 'கயிற்ஸ்' என்னும் ஆங்கில வழக்கு அப்பெயரின் எச்சமாகும்.

ஒல்லாந்தர் வந்தபின் பெயர்கள் மீண்டும் மாறின. வேலணையும் ஊர்காவற்றுறையும் கரம்பொனும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ட், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம் எனப் பெயர் பெற்றன. தம் நாட்டு நகரங்களின் பெயர்களை அவர்கள் இத்தீவுகளுக்குச் சூட்டினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டைக்கு ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் பன்றித் தொடை போன்று அவர்களுக்குத் தோன்றியமையால், அத்தொடையின் குதியில் இக்கோட்டை இருப்பதாகக் கொண்டனர். ஊரார் அதனைக் கடற்கோட்டை என்றே அழைத்தனர். ஓரிடத்தைத் தன் நினைவுக்கு ஏற்பப் பெயரிட்டு, அப்பெயரையே அவ்விடமாகக் காணும் மனப்பாங்கு இன்றைய பயணக் கையேட்டில் தொடங்கியதன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

கரம்பொன் சைவரும் கத்தோலிக்கரும் அயலவராய் வாழ்ந்த ஊர். தீவுப்பகுதியின் ஏனைய ஊர்களைப் போலவே அதன் மக்களும் கடல் கடந்தும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்குச் சென்றும் தொழில் செய்தவர்கள். 1913இல் அங்கு பிறந்த தனிநாயகம் அடிகளார் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தோற்றத்துக்கு முன்னின்று உழைத்தவர். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அந்தாம் த புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் - போர்த்துக்கேய அகராதியைக் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலே பதிப்பித்தவர். 'ஒன்றே உலகம்' என்னும் பயண நூலை எழுதியவரும் அவரே. அவரும் ஒரு பயணியே. எனினும், சென்ற இடங்களில் தமது மக்களைப் பற்றிய செய்தியைத் தேடியும், தமது மக்களைப் பற்றி அங்குள்ளார்க்கு எடுத்துரைத்தும் வந்தவர். கரம்பொன் உலகத்தை நோக்கிச் சென்ற ஊரே தவிர, உலகம் வந்து கண்டுபிடிக்கும்வரை காத்துக் கிடந்த ஊரன்று.

அவ்வாறாயின் இன்று அங்கு செல்பவரின் கண்ணுக்குப் புலப்படும் ஒதுக்கம் எங்கிருந்து வந்தது? 1990ஆம் ஆண்டு தீவுப்பகுதியில் இடம்பெற்ற படை நடவடிக்கைகளை அடுத்து மக்கள் பெருமளவில் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். 1995இல் குடாநாடே இடம்பெயர்ந்தபோது அவர்களும் மீண்டும் பெயர்ந்தனர். வன்னி, கொழும்பு, தமிழகம், ஐரோப்பா, கனடா என அவர்களின் வழிகள் பிரிந்தன. 1981ஆம் ஆண்டுக்குப் பின்னர் 2012ஆம் ஆண்டுவரை, 31 ஆண்டுகளாக, வடபுலத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. இருந்தவர் எத்தனை பேர், சென்றவர் எத்தனை பேர் என எண்ணப்படாமலே ஒரு தலைமுறை கழிந்தது. திரும்பியோர் உளர், திரும்பாதோரின் வீடுகள் கூரையிழந்து, சுவரிடையே ஆலும் அரசும் முளைத்து நிற்கின்றன. கரம்பொனின் ஒதுக்கம் கடலினால் ஏற்பட்டதன்று. அண்மை வரலாற்றினால் ஏற்பட்டது.

வெறுமையின் விலை

இங்குதான் உல்லாசப் பயணத்துறை பற்றிய விமரிசனம் தன் முதன்மையான பொருளை எட்டுகின்றது. அத்துறைக்கு வெறுமை ஒரு குறைபாடன்று. அது விற்பனைக்குரிய பண்டம். மாலைதீவு இதனை ஒளிவுமறைவின்றிக் காட்டிற்று. 1972இல் அங்கு இத்துறை தொடங்கியபோது, குடியில்லாத தீவுகளே விடுதிகளுக்கென ஒதுக்கப்பட்டன. பயணி ஒரு தீவிலும் மக்கள் வேறொரு தீவிலும் இருந்தனர். 2009ஐ அடுத்த ஆண்டுகளிலேயே மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தகங்கள் பெருகத் தொடங்கின. மாலைதீவின் வெறுந்தீவுகள் இயல்பாகவே வெறுமையாக இருந்தவை. யாழ்ப்பாணத் தீவுகளின் வெறுமை அத்தகையதன்று. ஆயினும் ஒளிப்படக் கருவிக்கு இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு தெரிவதில்லை. இடிந்த வீடு பழைமையாகத் தோன்றுகின்றது. ஆளற்ற தெரு அமைதியாகத் தோன்றுகின்றது. தூர்ந்த கிணறு ஓவியமாகத் தோன்றுகின்றது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் கடல்வழி நீலமும் வெண்மையுமாய்ப் படங்களில் இடம்பெறுகின்றது. 1985 மே 15இல் அக்கடலில், நெடுந்தீவு மக்கள் பயணஞ்செய்த குமுதினிப் படகிலே நிகழ்ந்த படுகொலையை அப்படங்கள் அறியா. பயணி அதனை அறியாதிருப்பது அவர் குற்றமன்று. அறியாமலே திரும்பிச் செல்லக்கூடியதாகப் பயணம் ஒழுங்குசெய்யப்பட்டிருப்பதே குற்றம்.

மக்கானெல் கூறிய மேடைக் காட்சி இங்கு வேறொரு வடிவம் பெறுகின்றது. வாழும் மக்கள் தம் வாழ்வைக் காட்சியாக நடித்துக் காட்டுவது ஒன்று. நடிப்பதற்கு ஆளின்றி, கைவிடப்பட்ட அரங்கே காட்சியாவது மற்றொன்று. முன்னையதில் ஊரவருக்குக் கூலியேனும் உண்டு. தம் விருப்பத்துக்கு ஏற்ப நடிக்கவோ மறுக்கவோ ஓரளவு இயலும். பின்னையதில் அதுவும் இல்லை. டொக்சி கூறிய நான்கு படிகளும் இங்கு பொருந்தா. எரிச்சலடைவதற்கும் பகைப்பதற்கும் ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

எஞ்சியிருப்போரின் கணக்கு

எனினும், ஊர் முற்றாக வெறுமையாகவில்லை. மீன்பிடிப்போர், தோட்டஞ் செய்வோர், பனையோலை இழைப்போர், ஆசிரியர், முதியோர் எனத் தீவுகளில் வாழ்வோர் உளர். பயணிகளின் வருகையால் இவர்கள் அடையும் நன்மையை எளிதிற் புறக்கணித்தலும் நேர்மையாகாது. முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கு வாடகை கிடைக்கின்றது. துறைமுகத்துக் கடைகளில் பனங்கட்டியும் ஒடியலும் விலைபோகின்றன. படகோட்டிக்கு ஓட்டம் உண்டு. நெடுங்காலம் எவரும் திரும்பிப் பாராதிருந்த ஊருக்கு ஒருவர் வந்து செல்வதே சிலருக்கு ஆறுதலாகும். வறுமையைப் பண்பாட்டின் தூய்மை எனக் கொண்டாடி, ஊரவர் அவ்வாறே இருக்க வேண்டும் என விரும்புவதும் ஒருவகை உல்லாசப் பார்வையே.

ஆயின் கணக்கின் மறுபக்கமும் பார்க்கப்பட வேண்டும். தீவுகளுக்கு வருவோரிற் பெரும்பாலார் காலையில் வந்து மாலையில் திரும்புவோர். அவர்கள் தங்குவதும் உண்பதும் யாழ்ப்பாண நகரில் அல்லது தம் பேருந்திலேயே. ஊருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அவர்கள் விட்டுச்செல்லும் பிளாத்திக்குப் போத்தலும் உணவுப் பொதியுமே. கடற்கோட்டை இன்று கடற்படையினரால் நடத்தப்படும் விடுதியாக உள்ளது. அதன் மதிலுக்கு இப்பால், 'பாதை' எனப்படும் மிதவைக்காகக் காத்திருக்கும் ஊரவருக்கு அவ்வருவாயில் இடம் யாது என்பது கேட்கப்பட வேண்டிய வினா. பராக்கிரமபாகுவின் சாசனத்திலும் பங்கு பண்டாரத்துக்கே சென்றது, ஊராருக்கன்று என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம். எட்டு நூற்றாண்டுகளின் பின்னரும் அவ்வமைப்பு பெரிதும் மாறவில்லை. ஆனால் அச்சாசனத்திற் பங்கு எவ்வளவு என்பதாவது கல்லில் எழுதப்பட்டிருந்தது.

தண்ணீர் இக்கணக்கின் மிக நுண்ணிய பகுதியாகும். தீவுகளில் ஆறில்லை. சுண்ணக்கற் பாறையினுள் மழைநீர் தேங்கி, கடலின் உவர்நீர்மீது மெல்லிய வில்லை போல மிதக்கின்றது. கிணற்று நீர் அனைத்தும் அவ்வில்லையிலிருந்து பெறப்படுவதே. நன்னீர் உவர்நீரைவிடச் சற்றே பாரம் குறைந்ததாகையால், கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஒரு மீற்றர் தாழுமிடத்து, அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 மீற்றர் மேலெழக்கூடும் என்பது நீரியலார் கூறும் விதி. ஆதலின் மேலே இறைக்கப்படும் சிறிதளவு நீருக்கும் கீழே பெரும் விலை செலுத்தப்படுகின்றது. சாட்டி போன்ற நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள இடங்களைத் தீவுப்பகுதி மக்கள் எத்துணை மதித்தனர் என்பது அங்கு வாழ்ந்தோர் அறிந்ததே. குளியலறையும் நீச்சற் குளமும் உடைய விடுதி ஒன்று, கண்ணுக்குப் புலப்படாமலே அயற் கிணறுகள் பலவற்றை உவராக்க வல்லது. நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து எஞ்சிய காட்டுக் குதிரைகள் இன்று அத்தீவின் விளம்பர முகமாகிவிட்டன. 2015இல் அங்கு தேசிய பூங்காவும் பிரகடனப்படுத்தப்பட்டது. வறட்சிக் காலத்தில் அக்குதிரைகள் தண்ணீரின்றி மடியும் செய்தி பரவலான இரக்கத்தைப் பெறுகின்றது. அதே வறட்சியில் அதே தீவின் மக்கள் குடத்தோடு நிற்பது அவ்வளவு கவனம் பெறுவதில்லை. காட்சிப் பொருளாக மாறியதன் தாகமே கண்ணுக்குப் படுகின்றது.

படகும் அத்தகையதே. தரைவழியுள்ள ஊரில் பேருந்து நிறைந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கலாம். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ வாழ்பவருக்குப் படகே வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் வழி. அதன் இருக்கை எண்ணப்பட்டது, நேரமும் எண்ணப்பட்டது. கூட்டம் மிகுந்த நாளில் ஒரு பயணி ஏறும்போது ஓர் ஊரவர் கரையில் நிற்க நேரிடலாம். முன்னவருக்கு அது ஒருநாட் பொழுதுபோக்கு. பின்னவருக்கு அது ஒருநாள் வாழ்வு. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதி, அதற்காக முயன்ற அத்தீவினரின் நினைவாக 'வாணர் பாலம்' என வழங்குகின்றது. ஊரவர் தம் தேவைக்காகக் கேட்டுப் பெற்ற வழியிலேயே பயணிகளின் பேருந்துகள் இன்று குறிகட்டுவானை அடைகின்றன. முன்னே வந்தது ஊரவரின் தேவை. முன்னுரிமையும் அதற்கே உரியதாதல் வேண்டும்.

இத்துறையை மட்டுமே நம்பும் வாழ்வு எத்துணை நிலையற்றது என்பதையும் அண்மை ஆண்டுகள் காட்டின. 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். 2021இல் அத்தொகை 2 இலட்சத்துக்கும் குறைந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் கொள்ளை நோயும் இடையே வந்தன. 2022இல் எரிபொருட் பஞ்சமும் சேர்ந்தது. வலையையும் தோட்டத்தையும் கைவிட்டுப் பயணியை நம்பியவர் எவராயினும், தம் கையில் இல்லாத காரணங்களால் தம் வாழ்வை இழக்கக்கூடியவராவர்.

திரும்பி வருபவர்

கோட்பாட்டாளர் எண்ணிப் பாராத மற்றொரு மனிதரும் தீவுகளில் உளர். திருவிழாக் காலத்திலும் விடுமுறைக் காலத்திலும் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வரும் ஊரவரே அவர். அவரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உண்டு. யாழ்ப்பாண நகரில் விடுதி அறை உண்டு. கையில் ஒளிப்படக் கருவியும் உண்டு. புறத்தே நோக்கின் அவர் பயணியே. ஆயினும் அவர் படமெடுக்கும் இடிந்த வீடு அவர் பிறந்த வீடாக இருக்கலாம். தம் பிள்ளைக்குக் கிணற்றைக் காட்டும்போது அவர் விருந்தளிப்பவர். அக்கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க அஞ்சிப் போத்தல் தண்ணீர் வாங்கும்போது அவர் விருந்தினர்.

அன்ரிகுவா என்னும் சிறுதீவைப் பற்றி 1988இல் ஜமேக்கா கின்கேட் எழுதிய சிறுநூல், எந்த ஊரவரும் வாய்ப்புக் கிடைப்பின் பயணியாகக் கூடியவரே என்றும், ஏழ்மையினால் ஊரைவிட்டு வெளியேற இயலாமையே அவரைக் காட்சிப் பொருளாக்குகின்றது என்றும் வாதிடுகின்றது. கரம்பொனில் இவ்வாதம் தலைகீழாகின்றது. வெளியேற நேர்ந்ததாலேயே இங்கு ஊரவர் பயணியாயினர். தங்கள் பணத்தால் கோயில்களையும் பாடசாலைகளையும் புதுப்பிப்போர் அவர்களே. தங்கள் காணியை விற்பதா விடுவதா என முடிவு செய்வோரும் அவர்களே. கோபுரம் உயர்வதும், அதன் கீழ் அன்றாட பூசைக்கு வருவோர் தொகை குறைவதும் ஒரே காலத்தில் நிகழலாம். நாளை ஒரு முதலீட்டாளர் கடலோரக் காணியை வாங்க முன்வரின், உரிமையாளர் தொலைவில் இருக்க, விளைவை அனுபவிப்போர் அண்மையில் இருப்பர். தீவுப்பகுதியின் வருங்காலம் பற்றிய உண்மையான வாதம், பயணியை வரவேற்பதா மறுப்பதா என்பதன்று. அவ்வூரின் பெயரால் முடிவெடுக்க உரியவர் யார் என்பதே அது.

தென்னிலங்கை யாத்திரிகர் பற்றியும் இவ்விடத்து ஒரு சொல் கூறுதல் தகும். பௌத்தர் போற்றும் பதினாறு தலங்களுள் நயினாதீவின் நாகதீப விகாரையும் ஒன்று. அத்தீவிலேயே நாகபூசணி அம்மன் கோயிலும் உள்ளது. ஒரே படகில் இரு தலங்களின் அடியார்களும் செல்கின்றனர். இவர்களை அன்னியராகக் கருதுவது வரலாற்றுக்கும் மனிதப் பண்புக்கும் ஒவ்வாது. ஆனால் போரின் பின் வந்த வருகையில் மொழியும் அதிகாரமும் சமமாக அமையவில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று. யாத்திரிகர் என வருபவர், வழியிலுள்ள ஊரைக் கண்டும் காணாது செல்லின், அவரும் உல்லாசப் பிரயாணியே. வழியிலுள்ள ஊரவரோடு ஒரு வார்த்தை பேசிச் செல்லும் உல்லாசப் பிரயாணியோ யாத்திரிகருக்கு அண்மையில் வருகின்றார்.

மணிபல்லவம் கூறும் பாடம்

மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வோர் பலர். அதுபற்றிய கருத்து வேறுபாடும் உண்டு. எவ்வாறாயினும், சிறுதீவுக்கு வரும் அயலாரைப் பற்றி அக்காப்பியம் கூறும் இரு நிகழ்ச்சிகள் இவ்வாய்வுக்கு நேரடித் தொடர்புடையன.

ஒன்று ஆபுத்திரன் கதை. உலகோர் பசியைத் தீர்க்க வல்ல அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பஞ்சத்தால் வாடிய சாவக நாட்டை நோக்கிச் சென்ற கலம் மணிபல்லவத்தில் ஒதுங்கிற்று. அவன் இறங்கினான், அதனை அறியாது கலம் இரவிற் புறப்பட்டுவிட்டது. அத்தீவில் மக்கள் இல்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் இருந்தும் உண்பார் இல்லாமையால், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாது உயிர்நீத்தான். மக்களற்ற இடத்திற் செல்வத்துக்குப் பொருளில்லை என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது. தீவுகளுக்கென இன்று பேசப்படும் முதலீடு அமுதசுரபியாகவே அமையினும், உண்பார் யார் என்ற வினாவுக்கு விடை காணாதவரை அது பொய்கையிலிட்ட பாத்திரமே.

மற்றது தீவதிலகையின் கதை. மணிமேகலை மணிபல்லவத்தை அடைந்தபோது அத்தீவைக் காத்திருந்த தீவதிலகை அவள்முன் தோன்றுகின்றாள். முதலில் அவள் கேட்பது, வந்தவள் யார் என்பதே. அதன் பின்னரே தீவின் வரலாற்றையும் பீடிகையின் பெருமையையும் எடுத்துரைக்கின்றாள். அமுதசுரபி கிடைக்கும் வழியையும் காட்டுகின்றாள். அதனைப் பெற்ற மணிமேகலை புகார் நகர் திரும்பி, பசித்தோருக்கு உணவளிக்கின்றாள். தீவில் ஒருவர் இருந்தார். அவருக்கு வினவும் உரிமை இருந்தது. வரலாறு அவர் வாயிலாகக் கூறப்பட்டது. வந்தவரும் ஏதோ ஒரு கடமையைச் சுமந்தே திரும்பினார்.

சிறிய சமூகங்கள்மீது உல்லாசப் பயணத்துறையின் விளைவை மதிப்பிடுவதற்கு இக்காப்பிய நிகழ்ச்சி தரும் அளவுகோல் பயணிகளின் தொகையைக் கொண்டதன்று. ஆண்டு முழுவதும் அவ்வூரில் வாழ்பவரின் கிணறு உவராகின்றதா, படகில் அவருக்கு முதலிடம் உண்டா, பாடசாலையில் பிள்ளைகள் கூடுகின்றனரா, வருவாயில் அவருக்குரிய பங்கு எழுத்தில் உள்ளதா, தம் ஊரின் கதையைத் தாமே கூற அவரால் இயலுகின்றதா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். கரம்பொனைப் பொறுத்தவரை இவற்றுக்கு முன்னர் வேறொன்றும் கேட்கப்பட வேண்டியுள்ளது: திரும்பி வந்து வாழ விரும்பும் குடும்பத்துக்கு வீடும் தண்ணீரும் தொழிலும் உண்டா? அதற்கு விடை கிடைத்த பின்னரே விருந்தினரைப் பற்றிப் பேசுதல் முறையாகும். விருந்தோம்பல் என்பது வீட்டில் ஆள் இருந்து செய்யும் அறம். ஆளில்லாத வீட்டின் படலையைத் திறந்து உள்ளே சென்று பார்ப்பவர் எத்துணை நல்லவராயினும் விருந்தினர் ஆகார். வந்தவர் யார் எனக் கேட்பதற்குக் கரம்பொனில் மீண்டும் குடிகள் இருக்கும் நாளிலேயே, அங்கு வருபவருக்கும் விருந்தினர் என்னும் பெயர் பொருந்தும்.